நான்கைத் தாண்டிய எண்



முழு உடற்பரிசோதனை என்பது இன்று நம் ஊர்களில் பரவலாகிவிட்ட வழக்கம். நகரத்தில் பணிபுரியும் மகனோ மகளோ விடுமுறைக்கு வரும்போது பெற்றோரை அழைத்துச் சென்று, குறிப்பிட்ட தொகையைக் கட்டி, தலை முதல் கால் வரை சோதித்துவிடுகின்றனர். நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் நற்செயலே அது. எனினும் மாலையில் கைக்கு வரும் அறிக்கைத் தாள்களில் நாற்பது, ஐம்பது எண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தால் போதும். அன்றிரவு அவ்வீட்டில் எவரும் உறங்குவதில்லை.

அண்மையில் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று அத்தகையது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் துணைவியார் எழுதியிருக்கிறார். கணவருக்கு அகவை 62. அறிக்கையில் ‘பி.எஸ்.ஏ.’ என்னும் வரிக்கு எதிரே 6.8 என்று இருந்ததாம். 4-க்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்ததாம். ஆய்வுக்கூடத்துப் பணியாளர் ஒருவர், “இது புற்றுநோய்க்கான சோதனை” என்று சொல்லிவிட்டார். அன்று முதல் கணவர் உணவைக் குறைத்துவிட்டார், எவரிடமும் பேசுவதில்லை, மகளின் திருமணத்தை உடனே முடித்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். “சாமி, இந்த எண்ணுக்கு என்னதான் பொருள்?” என்று கேட்கிறார் அந்த அம்மையார்.

இவ்வினாவின் விடை பல இல்லங்களுக்கும் பயன்படுமாதலால் இத்திங்கள் இதனையே எடுத்துக்கொள்கிறோம். நாம் மருத்துவர் அல்லோம். நம் எழுத்து மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று ஆகாது. மருத்துவரிடம் செல்லும்போது எதைக் கேட்பது, எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்பதைத் தெளிவுபடுத்துவதே நம் நோக்கம்.

சுரப்பியும் அதன் கசிவும்

ஆண்களுக்கு மட்டுமே உரிய புராஸ்டேட் என்னும் சுரப்பி, சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னே அமைந்துள்ளது. இளமையில் அது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவினது. எடை ஏறத்தாழ 20 கிராம். சிறுநீர் வெளியேறும் குழாய் அதன் நடுவே செல்கிறது. ஐம்பது அகவைக்குமேல் பெரும்பாலோருக்கு இச்சுரப்பி மெல்ல வீங்கத் தொடங்கும். அதனால் குழாய் நெருக்கப்பட்டு, சிறுநீர் மெலிந்து வருதல், இரவில் பலமுறை எழ நேர்தல், கழித்த பின்னும் மிச்சமிருப்பதுபோன்ற உணர்வு ஆகியவை தோன்றும். இவ்வீக்கம் புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. முதுமையில் தலை நரைப்பது போன்றதே இது.

பி.எஸ்.ஏ. என்பது இச்சுரப்பியின் செல்கள் உண்டாக்கும் ஒரு புரதம். விந்துநீரை இளக்கி நீர்க்கச் செய்வது அதன் பணி. விந்துநீரில் இருக்கும் அளவு இரத்தத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு. ஆகவே இரத்தத்தில் நாம் அளப்பது, சுரப்பியிலிருந்து வெளியே கசிந்த ஒரு துளியின் துளியே. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்று அதனைக் கணக்கிடுகின்றனர்; நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

குடத்தடியில் தரை ஈரமாயிருந்தால் குடம் கசிகிறது என்று தெரியும். விரிசல் எங்கே, அது எதனால் வந்தது என்பதை ஈரம் சொல்லாது. பி.எஸ்.ஏ.யும் அப்படியே. அது புராஸ்டேட் சுரப்பிக்கே உரிய புரதம். புற்றுநோய்க்கே உரியது அன்று. சுரப்பி வீங்கினாலும், புண்பட்டாலும், கிருமி தாக்கினாலும், புற்று தோன்றினாலும் கசிவு மிகும். “இது புற்றுநோய்க்கான சோதனை” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்தே விளங்கும்.

நான்கு என்னும் கோடு

இப்புரதத்தின் வரலாறும் நமக்குப் பாடமாகும். புராஸ்டேட் சுரப்பிக்கு உரிய ஒரு பொருளைப் பற்றி அமெரிக்க அறிவியலார் ரிச்சர்ட் ஆப்லின் 1970-இல் எழுதினார். 1979-இல் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் டாக்டர் மிங் சூவின் குழுவினர் அப்புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அமெரிக்க அரசு 1986-இல் இச்சோதனைக்கு ஒப்புதல் அளித்தபோது, ஏற்கெனவே புற்றுநோய் கண்டவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கே அளித்தது. நலமாயிருப்பவர்களிடம் நோயைத் தேடுவதற்கு 1994-இல்தான் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் மருத்துவர் விரலால் தடவிப் பார்க்கும் சோதனையோடு சேர்த்தே. பொதுமக்கள் எல்லோரிடமும் கண்மூடி இச்சோதனையைச் செய்வது கேடு விளைக்கும் என்று பிற்காலத்தில் கடுமையாக எழுதியவர் அதே ஆப்லின்தான்.

4 என்னும் எல்லை இயற்கை வகுத்த கோடு அன்று. ஆய்வாளர்கள் வசதிக்காக இட்ட கோடு. 1991-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 4-க்கும் 10-க்கும் இடைப்பட்ட அளவு கொண்டோரிடம் திசு எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 22 பேரிடமே புற்றுநோய் காணப்பட்டது. ஐவருள் நால்வரிடம் அது இல்லை. 10-க்கு மேற்பட்டோரிலோ மூவருள் இருவரிடம் இருந்தது. மறுபுறம், 2004-இல் வெளிவந்த வேறொரு பெரிய ஆய்வில், எண் 4-ஐத் தாண்டாதவர்களிலும் நூற்றுக்கு 15 பேரிடம் புற்றுச் செல்கள் இருந்தன; அவற்றுள் பெரும்பாலானவை தீவிரம் குறைந்தவை. ஆகவே நான்கைத் தாண்டியவர் எல்லோரும் நோயாளர் அல்லர். நான்குக்குள் இருப்பவர் எல்லோரும் நோயற்றவர் என்று உறுதி கூறவும் இயலாது.

அகவையும் கணக்கில் வரவேண்டும். நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 என அகவைக்கேற்ற எல்லைகளை 1993-இல் ஆய்வாளர்கள் வகுத்துக் காட்டினர். 45 அகவையினருக்கு 3.8 என்று வந்தால், தடித்த எழுத்தில் இல்லை என்பதற்காக அதைப் புறக்கணிக்கலாகாது. 75 அகவையினருக்கு 5 என்று வந்தால் அதனை வேறு கண்கொண்டு பார்க்க வேண்டும்.

எண்ணை உயர்த்துவனவும் தாழ்த்துவனவும்

முதலாவது, நாம் மேலே சொன்ன முதுமை வீக்கம். சுரப்பி பெரிதாயின் புரதமும் மிகுதியாகும். உயர்ந்த எண்களுக்கு மிகப் பொதுவான காரணம் இதுவே.

இரண்டாவது, கிருமித் தொற்று. சிறுநீர்த் தொற்றோ சுரப்பியில் அழற்சியோ வந்தால் எண் பல மடங்கு உயரக்கூடும். நோய் தீர்ந்த பின்னும் அது இறங்கச் சில வாரங்கள் ஆகும். எனவே தொற்று நீங்கி ஆறு வாரங்கள் கழித்தே இச்சோதனையைச் செய்ய வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல்.

மூன்றாவது, சுரப்பியைத் தொந்தரவு செய்யும் செயல்கள். சிறுநீர் அடைபட்டுக் குழாய் செருகப்பட்டிருந்தாலும், உள்நோக்குக் கருவி செலுத்தப்பட்டிருந்தாலும், திசு எடுக்கப்பட்டிருந்தாலும் எண் உயரும். திசு எடுத்தபின் ஆறு வாரங்களாவது காத்திருத்தல் வேண்டும். மருத்துவர் விரலால் சோதிப்பதாயின், அதற்கு முன்னரே இரத்தம் கொடுத்துவிடுவது நன்று.

நான்காவது, அன்றாட வாழ்வைச் சார்ந்தவை. விந்து வெளிப்பட்டபின் ஓரிரு நாள்கள் எண் சற்று உயர்ந்து நிற்கக்கூடும். நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டுதலும் கடும் உடற்பயிற்சியும் சிலருக்கு அவ்வாறே செய்யலாம். ஆதலின் சோதனைக்கு முன் இரண்டு நாள்கள் இவற்றைத் தவிர்க்குமாறு கூறுகின்றனர். கணவன் மனைவியர் இதைச் சொல்லவும் கேட்கவும் நாணுதல் வேண்டா; நலவாழ்வுக்கு உரிய செய்தியே இது. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு சர்க்கரைச் சோதனைக்கு உரியது, பி.எஸ்.ஏ.க்குத் தேவையில்லை.

எண்ணைப் பொய்யாகத் தாழ்த்துவனவும் உள. சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு என்னும் மாத்திரைகளை ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை உட்கொண்டால், பி.எஸ்.ஏ. ஏறத்தாழப் பாதியாகிவிடும். அறிக்கையில் 3 என்று இருந்தால் உண்மையில் அது 6 என்று கொள்ள வேண்டும். முடி உதிர்வுக்காக இளைஞர்கள் உட்கொள்ளும் மாத்திரை சிலவற்றிலும் இதே ஃபினாஸ்டிரைடு சிறிய அளவில் இருக்கிறது. அதுவும் எண்ணைத் தாழ்த்தும். டாம்சுலோசின் என்னும் மாத்திரைக்கு அத்தகைய விளைவு இல்லை. மிகுந்த உடற்பருமன் உடையோரிடம் எண் சற்றுக் குறைந்து தோன்றும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் சத்து மாத்திரைகள் சில ஆய்வுக்கூட முறைகளையே குழப்பக்கூடியவை. ஆகவே உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் அளவு வேறுபடும். பயன்படுத்தும் அளவுகோலைப் பொறுத்து நூற்றுக்கு இருபது வரைகூட மாறுபாடு வரலாம். இம்முறை ஓரிடம், அடுத்த முறை வேறிடம் என்று அலைந்தால், ஏறியது நோயா, எந்திரமா என்று அறிய முடியாது.

இனி, நம் மடலுக்கு வருவோம். அதன் பிற்பகுதியில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: சோதனைக்குப் பத்து நாள்களுக்கு முன் கணவருக்குச் சிறுநீர்க் கடுப்பும் காய்ச்சலும் வந்து மாத்திரை உட்கொண்டாராம். அம்மையார் அதனைப் பொருட்படுத்தவில்லை, ஆய்வுக்கூடத்தாரும் கேட்கவில்லை. அந்த 6.8-ஐ வைத்து இன்று எந்த முடிவுக்கும் வருதல் இயலாது. ஆறு வாரங்கள் கழித்து, அதே ஆய்வுக்கூடத்தில், மேற்சொன்ன ஒழுங்குகளோடு மீண்டும் பார்க்க வேண்டும். ஒருமுறை உயர்ந்திருந்த எண் மறுமுறை இயல்பாகிவிடுவது அரிதன்று. இதுவே முதற்படி. ஆனால் மறுசோதனைக்குப் போகாமலே, “தொற்றினால்தான் வந்தது” என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு அறிக்கையை அலமாரியில் பூட்டிவிடுதல், அஞ்சி நடுங்குவதைவிடப் பெரிய தவறாகும்.

எண்ணைக் குறைப்பதற்கென்று மருந்து தேடுவோரும் உளர். தொற்றின் அறிகுறி எதுவும் இல்லாதபோது, எண்ணை இறக்கும் பொருட்டுக் கிருமிக்கொல்லி மாத்திரை உட்கொள்வதை மருத்துவ வழிகாட்டல்கள் ஏற்பதில்லை. காய்ச்சல் மானியைக் குளிர்ந்த நீரில் வைத்தால் காய்ச்சல் தீருமா?

அடுத்த படிகள்

மறுசோதனையிலும் எண் உயர்ந்தே இருந்தால், சிறுநீரியல் மருத்துவரை அணுக வேண்டும். அவர் விரலால் சுரப்பியைத் தடவிப் பார்ப்பார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இச்சோதனைக்குக் கூசியே பலர் மருத்துவமனை வாயிலில் இருந்து திரும்பிவிடுகின்றனர். பெண்கள் ஒவ்வொரு பேற்றின்போதும் தாங்குவதை நினைத்தால், ஆண்களின் இக்கூச்சம் பெரிதன்று.

பின்னர், இரத்தத்தில் தனித்து உலவும் பி.எஸ்.ஏ. எத்தனை விழுக்காடு என்று பார்ப்பர். மொத்த அளவு 4 முதல் 10 வரை இருப்போருக்கு இது பயன்படும். தனித்த பங்கு 25 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் புற்றுநோய் வாய்ப்புக் குறைவு. 10-க்குக் கீழ் இருந்தால் வாய்ப்பு மிகுதி.

சுரப்பியின் பருமனையும் ஸ்கேன் மூலம் அளந்து, எண்ணை அதனால் வகுப்பர். 6.8 என்னும் அதே எண்ணை எடுத்துக்கொள்வோம். சுரப்பி வீங்கி 60 மில்லிலிட்டர் இருந்தால் ஈவு 0.11, அத்துணைப் பெரிய சுரப்பிக்கு அவ்வளவு கசிவு வியப்பன்று. சுரப்பி 25 மில்லிலிட்டரே இருந்தால் ஈவு 0.27, சிறிய சுரப்பியிலிருந்து இவ்வளவு கசிவதேன் என்று ஐயுறல் வேண்டும். 0.15 என்பதை மருத்துவர்கள் எல்லையாகக் கொள்கின்றனர். ஒரே எண், இருவேறு பொருள்!

அதன்பின் எம்.ஆர்.ஐ. படம். முன்பெல்லாம் எண் உயர்ந்தவுடன் ஊசியால் திசு எடுப்பர். இன்றோ முதலில் படம் எடுத்து, ஐயத்துக்குரிய இடம் இருந்தால் மட்டும் அவ்விடத்திலிருந்து திசு எடுக்கும் முறை வலுப்பெற்றுள்ளது. 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், படம் எடுக்கப்பட்டோருள் நூற்றுக்கு 28 பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. அப்படியிருந்தும் மருத்துவம் தேவைப்படும் நோய் பழைய முறையைவிட மிகுதியாகவே கண்டுபிடிக்கப்பட்டது. திசு எடுத்தபின் சில நாள்கள் சிறுநீரிலும், சில வாரங்கள் விந்துநீரிலும் இரத்தம் தோன்றக்கூடும், அது இயல்பு. குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நோய் என்று உறுதியானால்

திசு அறிக்கையில் ‘கிளீசன்’ என்றொரு எண் இருக்கும். அது நடைமுறையில் 6-இல் தொடங்கி 10 வரை செல்லும். 6 என்று கண்டவுடன், பத்துக்கு ஆறு, பாதிக்கு மேல் முற்றிவிட்டது என்று கலங்கியோரை நாம் அறிவோம். உண்மையில் அதுவே அடிப்படி. மிக மெதுவாக வளரும் வகை. அத்தகையோர் பலருக்கு இன்று உடனடி அறுவையோ கதிர்வீச்சோ அறிவுறுத்தப்படுவதில்லை. குறித்த காலங்களில் இரத்தம், படம், திசு ஆகியவற்றைப் பார்த்து, நோய் அசைந்தால் மட்டும் மருத்துவம் செய்கின்றனர்.

இங்கிலாந்தில் 1643 பேரை மூன்று பிரிவாகப் பகுத்து, ஒரு பிரிவினருக்கு அறுவை, ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவினருக்குக் கண்காணிப்பு என்று வைத்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் தொடர்ந்தனர். அதன் முடிவு 2023-இல் வெளிவந்தது. எப்பிரிவினராயினும் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே. கண்காணிப்பில் இருந்தோரிடம் நோய் பரவியது மற்றவரைப்போல் இரு மடங்கு என்பதும் உண்மை. எனவே கண்காணிப்பு என்பது கைவிடுதல் அன்று, தவறாமல் வந்து காட்ட வேண்டிய கடமை. அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் விலை உண்டு: சிறுநீரை அடக்க இயலாமை, தாம்பத்திய வாழ்வில் தளர்ச்சி, மலக்குடல் தொல்லை. வேண்டாதவருக்கு இவ்விலையைச் சுமத்துவது கொடுமை. வேண்டியவர் இவ்விலைக்கு அஞ்சி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதும் கேடு.

இது மெதுவாகவே வளரும் நோய் என்று அனைவரும் தேறியிருத்தலும் ஆகாது. சிலரிடம் அது விரைந்து பரவும். எலும்புகளை, குறிப்பாக முதுகெலும்பைப் பற்றும். நம் நாட்டில் பலர் அந்நிலையில்தான் முதன்முறையாக மருத்துவரைக் காண்கின்றனர். எண் நூறுகளில் இருந்தால், அல்லது ஓயாத முதுகுவலியோடு கால்கள் தளர்ந்தால், ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அந்நிலையிலும் நோயைப் பல ஆண்டுகள் அடக்கிவைக்கும் மருத்துவம் இன்று உண்டு.

எவர் சோதிக்க வேண்டும்?

இவ்வினாவில் மருத்துவ உலகமே நெடுங்காலம் இருபிரிவாக நின்றது. ஐரோப்பிய நாடுகளின் பெரிய ஆய்வு, 23 ஆண்டுத் தொடர்ச்சிக்குப்பின் 2025-இல் கூறியது இது: சோதனைக்கு அழைக்கப்பட்டோரிடம் இந்நோயால் வரும் இறப்பு நூற்றுக்கு 13 பங்கு குறைந்தது, ஓர் இறப்பைத் தவிர்க்க 456 பேரை அழைக்க வேண்டியிருந்தது. பயன் உண்டு, ஆனால் அது பெரிதன்று என்பதே இதன் சாரம். அமெரிக்க வல்லுநர் குழு 2018-இல், 55 முதல் 69 அகவை வரையுள்ளோர் நன்மை தீமைகளை மருத்துவரோடு பேசித் தாமே முடிவு செய்யலாம் என்றும், 70-க்குமேல் நோய் தேடும் சோதனை வேண்டா என்றும் கூறியது. சிறுநீர்த் தொல்லையோ எலும்பு வலியோ உடையவர்க்கு இவ்வகவைக் கணக்குப் பொருந்தாது; அவர்கள் எவ்வகவையிலும் மருத்துவரைக் காண வேண்டும்.

தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்தவர்க்கு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. தாய்வழியிலோ தந்தைவழியிலோ மார்புப் புற்றும் சூலகப் புற்றும் பலருக்கு வந்திருந்தால் அதனையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரே மரபணுக் குறை இவற்றுக்குப் பொதுவாக இருக்கக்கூடும். இத்தகையோர் 45 அகவைக்குள்ளேயே ஆலோசனை பெறுவது நன்று. “பெரியப்பா எதனால் இறந்தார்?” என்று கேட்டால் பல வீடுகளில் விடை கிடைப்பதில்லை. மறைத்த நோய் அடுத்த தலைமுறைக்கு உதவாத நோய்.

இல்லத்தார்க்குச் சில சொற்கள்

பிள்ளைகளே, தந்தைக்கு எந்தெந்தச் சோதனை செய்யப்போகிறார்கள் என்பதை முன்னரே அவரிடம் சொல்லுங்கள். அவர் அறியாமல் சோதித்து, பின்னர் அறிக்கையை அவரிடமிருந்து ஒளித்துவைப்பது அன்பாகத் தோன்றும். ஆனால் உங்கள் முகமே அவருக்கு அறிக்கையாகிவிடும். அவர் உடலைப் பற்றிய முடிவில் முதற்குரல் அவருடையதாக இருக்கட்டும்.

குடும்பத் தலைவர்களே, இரவில் நான்கு முறை எழுவதை மனைவி அறிவார். நீங்கள் சொல்லாதிருப்பதால் அவர் அறியாதிருக்கவில்லை. இருவருமாக மருத்துவரிடம் செல்லுங்கள். ஒருவர் கேட்க மறந்ததை மற்றவர் கேட்பார்.

அறிக்கைகளை ஒரு கோப்பில் நாள்வாரியாக அடுக்கி வையுங்கள். ஒற்றை எண்ணைவிட, மூன்று நான்கு ஆண்டுகளின் எண்கள் சேர்ந்து சொல்லும் செய்தியே மருத்துவருக்கு உதவும். அத்தாளின் ஓரத்தில் அன்று காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து உட்கொண்டீர், எந்த ஆய்வுக்கூடம் என்பவற்றையும் குறித்துவையுங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஒரு வீட்டின் உறக்கத்தை அது காத்துத் தரும்.